டியூபில் அடைப்பு: கம்பியும் வேண்டாம், கோலாவும் வேண்டாம்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சிஸ்டர், பக்கவாதம் வந்த எங்கள் அத்தைக்கு, மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் வைத்திருக்கிறது. கேழ்வரகுக் கஞ்சியில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுக்கிறோம். டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் கோலா ஊற்றச் சொல்கிறார்கள். கொழுந்தனார் மெல்லிய கம்பி விடலாம் என்கிறார். ஒவ்வொரு தடவையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. என்ன செய்ய?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கம்பியை முதலில் தூரப் போடச் சொல்லுங்கள் அம்மா. அது டியூபைக் கிழித்துக்கொண்டு உணவுக்குழாயையோ இரைப்பையையோ குத்திவிடும். கோலாவும் வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் பட்டதும், டியூபுக்குள் தங்கிய பாலும் சத்துமாவும் திரிந்து இன்னும் கெட்டியாகிவிடும். அடைப்பு எடுக்க முதலில் பயன்படுத்த வேண்டியது வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

அதற்கும் முன்னால், மூக்கோரம் டியூபில் போட்ட அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். டியூப் வெளியே நகர்ந்திருந்தாலோ, அத்தைக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ ஒரு சொட்டும் உள்ளே விடாதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அடையாளம் சரியாக இருந்தால், டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, கிளிப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால் 50 மில்லி சிரிஞ்சை எடுங்கள். ஊசி போடும் 2 மில்லி, 5 மில்லி சிரிஞ்ச் இதற்கு ஆகாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், டியூப் வெடித்துவிடும். காலி சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வருவதைக் கொட்டிவிடுங்கள். பிறகு கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, மறுபடி தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் தண்ணீரை உள்ளேயே விட்டு, கிளிப்பை மூடி, 15 முதல் 20 நிமிடம் ஊற விடுங்கள். அப்புறம் ஒரு தடவை முயன்று பாருங்கள். அதற்கும் வழிவிடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பலம் கொடுத்துத் தள்ளவே கூடாது. ஆஸ்பத்திரியில் சில நேரம் கணைய நொதி மருந்தைச் சோடா உப்புக் கரைசலில் கலந்து விடுவார்கள், இல்லாவிட்டால் டியூபை மாற்றிவிடுவார்கள்.

இனி, அது ஏன் அடைக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகம் உறுத்தியது கஞ்சியில் மாத்திரைப் பொடியைக் கலப்பதுதான். பொடி கஞ்சியோடு சேர்ந்து கட்டியாகும். பாதியில் வாந்தி வந்து கஞ்சியை நிறுத்தினால், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக மாவாகப் பொடித்து, 15 முதல் 30 மில்லி தண்ணீரில் கரைத்து விடுங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில் தண்ணீர் விடுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆறக் கெட்டிப்படும். அடுப்பிலிருந்து இறக்கும்போது தண்ணியாகத் தெரிந்தது, சிரிஞ்சில் ஊற்றும்போது பசைபோல் ஆகிவிடும். இதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, வெயிலில் காயவைத்து அரைத்து வையுங்கள். கஞ்சி காய்ச்சி இறக்கி, நல்ல சூட்டோடு இருக்கும்போது இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால், சில நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். முளைத்த தானியத்தில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். மாவை நன்றாக வறுத்துவிட்டால் அந்த நொதி செத்துப்போகும், அதனால் வறுக்க வேண்டாம். கஞ்சி இளகியதும் திரும்ப ஒரு கொதி விட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். டீ வடிகட்டியில் தவிடு தங்காது. காலையில் காய்ச்சியதை மத்தியானத்துக்கு வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் புளித்துவிடும், புளித்த கஞ்சியில் பால் சேர்ந்தால் திரியும்.

கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரமாக இருக்கட்டும். முடிந்த பிறகும் அரைமணி முதல் ஒருமணி நேரம் அப்படியே இருக்கட்டும். கஞ்சிக்கு முன்னால் 30 மில்லி, முடிந்த கையோடு 30 மில்லி தண்ணீர் விட வேண்டும். டியூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று நீரை இழுத்திருந்தால், அதன் பிறகும் தண்ணீர் விட வேண்டும். வயிற்று அமிலம் டியூபுக்குள் நின்றால் அடுத்து வரும் பால் அங்கேயே திரியும். இந்தத் தண்ணீரை மட்டும் தவறாமல் விட்டாலே நீங்கள் பாளையங்கோட்டைக்கு அலைவது எவ்வளவோ குறைந்துவிடும்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றியும் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் செவிலியர் சேவையும் உண்டு. கூச்சப்படாமல் பெயரைப் பதிந்து வையுங்கள். ஒருத்தியாகவே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம்.

அப்பாவுக்கு வயிற்றில் துளை போட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் பெக் டியூப் இருக்கிறது. எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுக்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

கூடாது. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்ய வேண்டிய மாத்திரை. பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் ரத்த அழுத்தம் சடாரென விழும், சர்க்கரை மாத்திரையிலும் அந்த வகை உண்டு. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் பேன்டோபிரசோல் மாத்திரைக்கு மேலுறை உண்டு. பொடித்தால் வயிற்று அமிலத்தில் மருந்து வீணாகும், உறைத்துணுக்குகள் டியூபை அடைக்கும். டாக்டரிடம் சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். சீட்டு எழுதும்போதே "டியூப் வழியாகத்தான் கொடுக்கிறோம் டாக்டர்" என்று சொல்லிவிட்டால் நல்லது. அவர் அதை மனதில் வைத்து எழுதுவார்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டியூபுக்குள்ளேயே ஊதிவிடும். வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுத்தால், கஞ்சிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது. பெக் டியூப் தற்செயலாக உருவி வந்துவிட்டால் நீங்களாகத் திரும்பச் செருகாதீர்கள், அதே நேரம் தாமதிக்கவும் கூடாது. அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

தாத்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டியூப் கழுவும் தண்ணீரை நிறுத்திவிடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

நிறுத்த வேண்டாம். அந்தத் தண்ணீரையும் ஒருநாள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை மில்லி போதும் என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கட்டிலோரம் ஒட்டி வையுங்கள். மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு மாத்திரை குறைந்தால் அதைக் கரைக்கும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் மிச்சமாகும்.