மரமும் உப்பும் வந்து போன ஊர்

கேள்வி: போன இதழில் பிரான்சின் லா ரோக் கஜாக் கிராமத்துப் படம் போட்டிருந்தீர்கள். நதி, பாறை, மஞ்சள் கல் வீடுகள் என்று நூற்றாண்டுகளாக எதுவுமே மாறாத ஊர் போலிருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் நானூறு பேர் இருக்கிற ஊருக்கு வரலாறு, பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்துவிடப் போகிறது?

பதில்: எதுவுமே மாறவில்லை என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் படத்தில் ரசித்த அந்தக் கரை, 150 வருஷத்துக்கு முன்னால் படகுகள் வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்கிய துறை. அங்கே இருந்த ஒரு தொழில் அடியோடு அழிந்த பிறகு மிஞ்சிய அமைதியைத்தான் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் இருப்பது தோர்தோன் ஆற்றின் வடகரையில், சர்லா நகருக்குத் தெற்கே. செங்குத்தான சுண்ணாம்புப் பாறை தெற்கே பார்த்து நிற்கிறது. வடக்குக் காற்றைத் தடுத்து, பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் இங்கே வாழை மரமும் பனை வகைகளும் தெருவோரம் வளர்கின்றன. ஆனால் அதே பாறைதான் 1957 ஜனவரியில் பெரும் துண்டாகப் பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஆறு பெருகினால் வீட்டு வாசல் வரை தண்ணீர் வரும். முன்னால் வெள்ளம், பின்னால் பாறை. கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்வதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு இல்லை என்கிறீர்கள். பாறையின் நடுவே, அந்தரத்தில் தொங்குவது போல, 12ஆம் நூற்றாண்டில் குடைந்து கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. சர்லா ஆயர்களுக்கு இந்த ஊரில் மாளிகை இருந்தது. ழான் தார்த் என்ற பாதிரியார் பிறந்ததும் இங்கேதான். 1614இல் ஃபிளாரன்ஸ் வரை போய் கலிலியோவையே நேரில் பார்த்து, தொலைநோக்கி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர். சூரியனில் தெரிகிற கரும்புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்று சொல்லி, அவற்றுக்குப் பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயரைச் சூட்டி 1620இல் புத்தகமே போட்டார். அவர் சொன்னது தப்பு. இருந்தாலும் இந்த ஊரில் பிறந்த ஒருவர் சூரியனைக் கூர்ந்து பார்த்துக் கணக்குப் போட்டார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

இனி பொருளாதாரம். மலைப் பக்கம் அர்ஜான்தா போன்ற ஊர்களில் ஓக், கஷ்கொட்டை மரங்களை வெட்டி, 'கபார்' என்ற தட்டையடிப் படகுகளில் ஏற்றி ஆற்றோடு விடுவார்கள். ஓக் பலகை ஒயின் பீப்பாய் செய்ய, கஷ்கொட்டைக் கழிகள் திராட்சைக் கொடிக்கு ஊன்ற. ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள பெர்ஜராக், லிபூர்ன் ஊர்களின் திராட்சைத் தோட்டங்கள் இந்த மரத்தை நம்பித்தான் இருந்தன. ஆண்டு முழுக்க ஓட்ட முடியாது. கோடையில் தண்ணீர் வற்றிப் படகு பாறையில் இடிக்கும், வெள்ளத்தில் கவிழும். தண்ணீர் அளவாக ஓடுகிற சில வாரங்கள்தான் பிழைப்பு. மலையிலிருந்து வந்த படகுகள் திரும்பிப் போவதே இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் அவற்றைப் பிரித்து, மரத்தை விற்றுவிட்டுப் படகுக்காரர்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள். கீழாற்றில் ஓடிய உறுதியான படகுகள் மட்டும் லிபூர்னிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு எதிர்நீச்சலில் வரும். அவற்றைக் கரையிலிருந்து கயிறு கட்டி மனிதர்களும் மாடுகளும் இழுத்தார்கள். படத்தில் உங்களுக்கு அழகாகத் தெரிந்த அந்தக் கரையை, இழுத்தவர்களின் தோளை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

1880களில் ரயில் சர்லா வரை வந்தது. சரக்கெல்லாம் ரயிலுக்குப் போனது. ஏறக்குறைய அதே காலத்தில் ஃபிலாக்சரா பூச்சி வந்து திராட்சைத் தோட்டங்களைத் தின்றது. பீப்பாயும் கழியும் யாருக்கு வேண்டும்? அப்புறம் 1935 முதல் 1957 வரை மேலாற்றில் மின்சாரத்துக்காக வரிசையாகப் பெரிய அணைகள் எழுந்தன. ஆற்று வழியே அடைபட்டது. ஆற்றுப் பிழைப்பு போன பிறகு புகையிலை, வால்நட், வாத்து வளர்ப்பு என்று அந்தப் பள்ளத்தாக்கு தாக்குப்பிடித்தது.

இன்று சோறு போடுவது சுற்றுலா. கோடையில் ஒற்றைத் தெரு திணறும், குளிர்காலத்தில் பல கடைகள் மூடிக் கிடக்கும். கபார்கள் இப்போதும் அந்தத் துறையிலிருந்து கிளம்புகின்றன. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போல ஆற்றில் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகின்றன.