அமெரிக்காவில் மெயின்லைன் (பெரிய விமான நிறுவனங்களின்) விமானிகளுக்கும் ரீஜனல் (அவற்றுக்காகச் சிறிய விமானங்களை இயக்கும் நிறுவனங்களின்) விமானிகளுக்கும் ஒரே சங்கம்தானே, பிறகு ஏன் இவ்வளவு மோதல்?

ஒரே சங்கம் என்பது பாதி உண்மை. டெல்டா, யுனைடெட் விமானிகளும் எண்டெவர், என்வாய் போன்ற பல ரீஜனல் நிறுவனங்களின் விமானிகளும் 'ஆல்பா' சங்கத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குத் தனிச் சங்கம். ரிபப்ளிக் என்ற ரீஜனல் நிறுவனத்தின் விமானிகள் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தின் பக்கம். ஆனால் ஒரே சங்கத்துக்குள்ளேயே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி ஒப்பந்தம், தனி சீனியாரிட்டி (பணிமூப்பு) பட்டியல். மோதல் தொடங்குவது அங்கேதான்.

டிக்கெட்டிலும் விமானத்தின் வாலிலும் டெல்டா என்றிருக்கும். ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு நிறுவனம். இப்படி எவ்வளவு வேலையை வெளியே கொடுக்கலாம் என்பது மெயின்லைன் விமானிகளின் ஒப்பந்தத்தில் முதல் பிரிவாக வரும் 'ஸ்கோப்' விதிகளில் இருக்கிறது. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் உச்ச வரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு புறப்பாட்டு எடை. அதோடு விமானங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. யுனைடெட்டின் 2012 ஒப்பந்தத்தில் 50 இருக்கைக்கு மேற்பட்ட ரீஜனல் ஜெட்கள் மொத்தம் 255தான். அதில் 76 இருக்கை உள்ளவை 153க்கு மேல் போகக்கூடாது. இந்த எண்களை நம்பித்தான் ரீஜனல் விமானியின் பதவி உயர்வு இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மீது அவருக்கு ஓட்டு கிடையாது. அவருடைய கோபத்துக்கு இது போதுமான நியாயம் என்றே நினைக்கிறேன்.

இதில் எடை வரம்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இருக்கையைக் கழற்றி எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம். 2019இல் யுனைடெட் அதைத்தான் செய்தது: சிஆர்ஜே-700 விமானத்தில் 50 இருக்கை மட்டும் வைத்து, சிஆர்ஜே-550 என்று பெயரிட்டு, அந்த 255இல் சேராத 50 இருக்கைக் கணக்கில் சேர்த்தது. ஆனால் விமானமே கனமானால், எடையை அப்படி எளிதில் குறைக்க முடியாது. எம்ப்ரேயர் இ175-இ2 புதிய, கனமான எஞ்சின்களோடு 98,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. வரம்பு தளரும் என்று எதிர்பார்த்தார்கள். மெயின்லைன் விமானிகள் தளர்த்தவில்லை. அந்தத் திட்டம் பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்க, பழைய இ175தான் இன்னும் விற்பனையாகிறது. மிட்சுபிஷியின் எம்90க்கும் இதே சிக்கல். வரம்புக்குள் அடங்கும் எம்100 வடிவத்துக்கு மாற முயன்றும், 2023இல் முழுத் திட்டத்தையும் கைவிட்டார்கள்.

கசப்பின் பழைய வேர் காம்ஏர் என்ற ரீஜனல் நிறுவனம். டெல்டா 1999இல் ஏஎஸ்ஏ என்ற இன்னொரு ரீஜனலையும், அடுத்து காம்ஏரையும் முழுதாக வாங்கியது. முதலாளி ஒருவர், சங்கமும் ஒன்று. அப்படியானால் சீனியாரிட்டி பட்டியலும் ஒன்றாகட்டும் என்று ரீஜனல் விமானிகள் கேட்டார்கள். ஆல்பா ஏற்கவில்லை. 2001இல் காம்ஏர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ரீஜனல் விமானிகளில் ஒரு பகுதியினர், நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். காம்ஏர் 2012இல் மூடப்பட்டது. அன்றே பட்டியல்களை இணைத்திருந்தால், நிறுவனம் ஒரு குழுவை இன்னொரு குழுவுக்கு எதிராக நிறுத்தும் வாய்ப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

அந்த வாய்ப்பை நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு கோஜெட் நல்ல உதாரணம். டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற ரீஜனல் நிறுவனம் அமெரிக்கனுக்காகப் பறந்ததால், அமெரிக்கனின் ஸ்கோப் விதிப்படி 50 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை அது வேறு யாருக்காகவும் இயக்க முடியாது. உடனே அதன் தாய் நிறுவனம் கோஜெட் என்று தனி நிறுவனம் தொடங்கி, யுனைடெட்டுக்காக 70 இருக்கை ஜெட்களை ஓட்டியது. புதிய நிறுவனம், புதிய பட்டியல், வேறு சங்கம். டிரான்ஸ் ஸ்டேட்ஸ் விமானிகள் தங்களுக்கு வரவேண்டிய வேலை பறிபோனதாகவே பார்த்தார்கள்.

மெயின்லைன் பக்கத்து அச்சமும் கற்பனை அல்ல. 2001க்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் பணியிழந்து வீட்டிலிருந்தபோது, அவர்கள் ஓட்டிய தடங்களில் 50 இருக்கை ஜெட்கள் பெருகின. அதனால்தான் இப்போது வரம்பைத் தளர்த்தச் சொன்னால் பதிலுக்கு விமானம் கேட்கிறார்கள். டெல்டா 2012இல் செய்தது இந்தப் பேரம்: 88 போயிங் 717கள் மெயின்லைனுக்கு, கூடுதல் 76 இருக்கை ஜெட்கள் ரீஜனலுக்கு, 50 இருக்கை ஜெட்களில் பெரும் வெட்டு. இத்தகைய ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இருக்கை எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ரீஜனலின் பறக்கும் நேரத்தை மெயின்லைனின் நேரத்தோடு கட்டிவைக்கும் விகிதத்தையும் பாருங்கள். மெயின்லைன் சுருங்கினால் ரீஜனலும் சுருங்க வேண்டும் என்ற பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

இன்றைய சமரசம் 'ஃப்ளோ'. அமெரிக்கனின் சொந்த ரீஜனல்களான என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட் விமானிகள் தங்கள் சீனியாரிட்டி வரிசைப்படி, மறு நேர்காணல் இல்லாமல் அமெரிக்கனுக்குப் போகலாம். குறை என்னவென்றால், அமெரிக்கன் ஆளெடுப்பதை நிறுத்தினால் வரிசையும் நின்றுவிடும். போய்ச் சேர்ந்தாலும், பல ஆண்டு கேப்டனாக இருந்தவர் பட்டியலின் கடைசியில் துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும்.