அது சூடு இல்லை

வணக்கம் அக்கா,

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். கல்லூரி படிக்கும் மகளுக்கு 20 வயது. இரவுச் சாப்பாட்டை விட்டு, தினமும் ஓடி, ஆறு மாதத்தில் 11 கிலோ குறைத்தாள். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. எனக்கு 49. எடை அப்படியேதான் இருக்கிறது, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. மகளைச் சுமந்தபோது சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது. மாமியாருக்கு 73, கனத்த உடம்பு. போன மாதம் இரண்டு முறை லேசாக உதிரம் பட்டது. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார். கொழுப்பு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்றால் நாங்கள் என்னதான் செய்வது?

வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள தோழி,

முதலில் மாமியார். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு இல்லை. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி அரசு மகப்பேறு மருத்துவமனைக்கே போய்விடலாம். ஸ்கேனில் கருப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. ஆனால் இருந்துவிட்டால், சீக்கிரம் பார்ப்பதில்தான் உயிரே இருக்கிறது.

இங்கே கொழுப்புக்கு என்ன வேலை? சினைப்பை ஓய்ந்த பிறகு உடலுக்கு ஈஸ்ட்ரோஜன் (கருப்பையின் உள்சவ்வை வளர்க்கும் பெண் ஹார்மோன்) தருவது முக்கியமாகக் கொழுப்புத் திசுதான். அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக்கூட ஈஸ்ட்ரோஜனும் கூடும். அதை அடக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனோ அந்த வயதில் இல்லை. எனவே உள்சவ்வு வளர்ந்துகொண்டே போகலாம். மார்பகத்துக்கும் இதே காரணத்தால் கவனம் வேண்டும்.

மகளின் கதை நேரெதிர். 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் ஹார்மோனைக் கண்டறிந்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் இது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று மூளைக்குச் சொல்லும் தகவல். பானை காலி என்று தகவல் போனால் மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். பஞ்சத்தில் பிள்ளை பெற முடியாது என்று சினைப்பைக்கான கட்டளையை நிறுத்திவிடும். இப்படி மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டு 2004இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பலருக்குச் சினைமுட்டை வளர்ச்சி திரும்பியது. ஊசிக்கு அலைய வேண்டாம், உங்கள் மகளுக்கு அந்த மருந்து சோறுதான். தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் முதலியவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். "தொல்லை விட்டது" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு கரைகிறது, அது பிறகு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அவள் ஏன் இப்படி ஓடினாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. "கொழுப்பு ஏறிப்போச்சா" என்று வசையாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பெண் தன் உடம்பையே எதிரியாகப் பார்ப்பாள். யாராவது அவளை அப்படிச் சொல்லியிருந்தால், அதையும் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்களுக்கு: இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு, மாதவிடாய் நிற்கும் சமயத்தில் குடலைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. அங்கே அது கூடினால், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. நம்மவர்களுக்கு எடை சரியாக இருக்கும்போதே இது நடப்பதால் எடை இயந்திரத்தை நம்பாதீர்கள். தையல் டேப்பை எடுத்து வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போனாலும் பின்னால் திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குப் பலமடங்கு. ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை, தினமும் நடை, தட்டில் சோறு குறைந்து பருப்பும் காயும் கூடுவது, இவை போதும்.

மாமியாருக்கு ஸ்கேன் முடிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.