ஸ்வரம் உங்கள் இஷ்டம்

கேள்வி: எந்த வாத்தியம், எந்த ஸ்வரம் என்று எதையுமே சொல்லாத டச்சு இசைப்படைப்பு ஒன்று இருக்கிறதாமே? அப்படியானால் தாளில் எழுதியிருப்பதுதான் என்ன? யார் எப்படி வாசித்தாலும் சரியா?
(வாசகி, ஈரோடு)

பதில்: லூயி ஆண்ட்ரீசன் 1975ல் எழுதிய ‘வொர்க்கர்ஸ் யூனியன்’ பற்றிக் கேட்கிறீர்கள். உரத்து ஒலிக்கும் வாத்தியங்கள் எவையானாலும் சரி என்று விட்டுவிட்டார் மனிதர். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லவே இல்லை. இதில் தப்பு செய்தால் கடைசி வரிசைக்கும் கேட்டுவிடும்.

மேற்கத்திய இசைத்தாளில் வழக்கமாக ஐந்து கோடுகள் இருக்கும். இதில் ஒன்றே ஒன்று. புள்ளி கோட்டுக்கு மேலே ஏறினால் உங்கள் வாத்தியத்தில் மேலே போக வேண்டும், கீழே இறங்கினால் கீழே. குறிப்பாக எந்த ஸ்வரம் என்பது உங்கள் இஷ்டம். அதற்காக இனிமையாகச் சேர்ந்துவிடக் கூடாது, ஒன்றோடொன்று உரச வேண்டும். லயத்தில் மட்டும் துளி சலுகை கிடையாது. அத்தனை பேருக்கும் ஒரே கணக்கு, கால் மணி நேரத்துக்கு மேல்.

கைதட்டிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். நானும் நண்பர்கள் மூவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் தட்டிப் பார்த்தோம். நடுநடுவே வரும் இடைவெளிகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. எல்லோரும் நிறுத்திய இடத்தில் ‘டப்’ என்று ஒற்றைக் கை விழுந்தது. என்னுடையதுதான். வயலினில் நாற்பது வருஷம் தாளம் பிடித்த கை!

தலைப்பு அலங்காரத்துக்கு வைத்ததில்லை. சேர்ந்து வாசிப்பதும் கால் பிசகாமல் போவதும் அரசியல் போராட்டத்தைக் கட்டி நடத்துவது போலத்தான் என்று ஆண்ட்ரீசனே குறிப்பு எழுதியிருக்கிறார். என் பங்கு இல்லாமல் இது நடக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்து வாசிக்க வேண்டுமாம். 1969 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கான்சர்ட்கெபௌ அரங்கில் அதே பெயர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே ஊதியும் ‘டிக் டிக்’கென்று சத்தம் எழுப்பியும் குறுக்கிட்ட இளைஞர் கூட்டத்தில் இவரும் ஒருவர். அந்த ஆர்க்கெஸ்ட்ரா புது இசைக்கு இடம் தரவில்லை என்பது அவர்கள் குறை. அப்புறம் 1972ல் ஜாஸ்காரர்களையும் செவ்வியல்காரர்களையும் கலந்து ‘டி வோல்ஹார்டிங்’ என்ற குழு உருவாயிற்று. விடாமுயற்சி என்று அர்த்தம். அதில் பியானோ இவர்தான். ‘வொர்க்கர்ஸ் யூனியன்’ அந்தக் குழுவுக்காகப் பிறந்தது. (2013ல் அதே கான்சர்ட்கெபௌ ஆர்க்கெஸ்ட்ராவின் 125ஆம் ஆண்டுக்கு இவரே ஒரு படைப்பு எழுதிக் கொடுத்தார் என்பது தனிக்கதை.)

முதல்முறை இயர்போனில் கேட்டபோது ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அன்றைக்குத்தான் முழுதும் கேட்க முடிந்தது. நீங்கள் ஒரே பதிவோடு நிறுத்தாதீர்கள். ஊது வாத்தியங்கள் மிகுந்த ஒன்று, எலெக்ட்ரிக் கிட்டார் உள்ள இன்னொன்று, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஸ்வரம் முழுக்க வேறு. ஆனால் இரண்டாவதின் முதல் சில நொடிகளிலேயே அதே பாட்டு என்று தெரிந்துவிடும். சத்தத்தை மட்டும் முதலிலேயே குறைத்து வையுங்கள்.