டிஸ்க் டிரைவ் இன்னும் தேவையா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடியோ கேம் கன்சோல்களில் டிஸ்க் டிரைவையே எடுத்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். டிஸ்க் போட்டாலும் கேம் முழுவதும் எப்படியும் உள்ளே காப்பி ஆகிறது, அதற்கு மேல் பிழை திருத்தும் பேட்ச் வேறு இணையத்திலிருந்து இறங்குகிறது, பிறகு டிஸ்க் எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, டிஸ்க்கை விட மனமும் வரவில்லை. இது வெறும் பழக்கம்தானா? புதுக் கன்சோல் வாங்கும் நேரம் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

நண்பர்கள் சொல்லும் தொழில்நுட்பம் சரி. ப்ளூரே டிஸ்க்கின் அடிப்படை வேகம் விநாடிக்கு 4.5 எம்பி. பத்து மடங்கு வேகத்தில் சுழற்றினாலும் 45 எம்பிதான் வரும். பிளேஸ்டேஷன் 5-இன் உள் சேமிப்பகமான எஸ்எஸ்டி விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது, அதாவது 120 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தை நம்பி எழுதப்பட்ட கேம் டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓடவே முடியாது. அதனால்தான் முதலில் எல்லாம் உள்ளே காப்பி ஆகிறது. அதன்பின் டிரைவில் கிடக்கும் டிஸ்க்குக்கு ஒரே வேலை, இந்தக் கேமை ஆட உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டுவது.

அந்த ஒரு வேலைக்காகத்தான் டிஸ்க் வேண்டும் என்கிறேன். டிஸ்க் வாங்கினால் உரிமை பொருளோடு போகிறது. இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். டவுன்லோடாக வாங்கினால் உரிமை உங்கள் அக்கவுண்ட்டில் ஒரு வரியாக இருக்கிறது. அக்கவுண்ட் முடக்கப்பட்டால் அந்த வரியும் போயிற்று. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இதை வெளிப்படையாகச் சொல்லவைக்கிறது: தருவது உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவிக்காமல், டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைக் கடைகள் போடக்கூடாது.

கேம் விற்கும் இணைய ஸ்டோர் மூடினால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் கொஞ்சம் மிகை உண்டு. நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான ஸ்டோர்களில் 2023 மார்ச் 27-இல் விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-இல் மூடியது. இரண்டிலும் ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ள விட்டார்கள். பாதை அடைபட்டது புதிதாக வாங்க வருகிறவர்களுக்கு. டவுன்லோடாக மட்டுமே வெளிவந்த கேம் என்றால், அன்றைக்குப் பிறகு அதை நேர்வழியில் வாங்க முடியாது. டிஸ்க்கில் வந்த கேம் பழைய சரக்காகவாவது கைமாறிக்கொண்டிருக்கும். 2015-இல் ‘பி.டி.’ என்ற டெமோவை ஸ்டோரிலிருந்து எடுத்தபோது மட்டும் நிலைமை வேறு. கன்சோலிலிருந்து அழித்துவிட்டவர்களால் அதைத் திரும்ப இறக்க முடியவில்லை. நிறுவனம் நினைத்தால் அப்படியும் செய்யலாம் என்பதற்கு அந்த ஒன்று போதும்.

ஆனால் டிஸ்க் என்ற பெயரில் விற்பதெல்லாம் டிஸ்க் அல்ல. 2022-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ டிஸ்க்கில் இருந்தது 100 எம்பிக்கும் குறைவு, மீதி முழுக்க டவுன்லோட். 2018-இன் ‘ஸ்பைரோ’ தொகுப்பில் மூன்று கேம்கள் என்று அட்டையில் போட்டு, இரண்டை இணையத்தில் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் ‘கேம் கீ கார்ட்’ என்றே ஒரு வகை இருக்கிறது. அதில் கேம் கிடையாது, இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும். விற்கலாம், இரவல் தரலாம் என்பது உண்மைதான். சர்வர் நின்ற பிறகு வாங்குகிறவர் கையில் வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். ‘தி க்ரூ’ கதை இன்னும் மோசம். ஆன்லைன் இல்லாமல் ஓடாதபடி செய்த கேம் அது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள், டிஸ்க் வைத்திருந்தவரும் டவுன்லோட் செய்தவரும் ஒன்றாகவே இழந்தார்கள். டிரைவைக் காப்பாற்றி இந்த மாதிரி டிஸ்க்குகளை அதில் போடுவதென்றால் அதற்காக நான் வாதாட மாட்டேன். கேட்க வேண்டியது முழு கேமும் இருக்கும் டிஸ்க்கை.

உங்களிடம் உள்ள டிஸ்க் முழுமையானதா என்று நீங்களே பார்த்துவிடலாம். முதலில் அட்டையின் முன்பக்க அடியிலும் பின்புறத்திலும் டவுன்லோட் அவசியம், இணையம் அவசியம் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கன்சோலில் அந்தக் கேமை அழியுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் சேவ், அதாவது நீங்கள் எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவு, தனியாக இருக்கும், கேமோடு சேர்ந்து அழியாது. வைஃபையை நிறுத்தி, லேன் கேபிள் இருந்தால் அதையும் பிடுங்கிவிட்டு டிஸ்க்கைப் போடுங்கள். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் காப்பியும் பேட்ச்சும் ஒரே நேரத்தில் நடக்கும், டிஸ்க்கில் எது இருந்தது என்று பிரித்தறிய முடியாது. காப்பி முடிந்ததும் தலைப்பு மெனுவோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் நிலையை மட்டும் டிஸ்க்கில் வைத்துவிட்டு மற்றதை இறக்கச் சொல்லும் கேம்கள் உண்டு, ஆகவே ஒரு மணி நேரமாவது ஆடுங்கள். பேட்ச் இல்லாத முதல் பதிப்பு எவ்வளவு பிழையோடு வந்தது என்பதும் அப்போதே தெரியும்.

டிஸ்க்குக்கும் நோய்கள் உண்டு. ப்ளூரேயில் தரவு இருக்கும் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. கெட்டியான மேற்பூச்சு இருப்பதால் ப்ளூரேயில் எளிதில் கீறல் விழாது. விழுந்தால் டிவிடி போலத் தேய்த்து மெருகேற்ற முடியாது, தேய்க்க அங்கே சதையே இல்லை. நார் உதிராத மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவே வேண்டாம்.

டிரைவ் பழுதானால் சிக்கல் வேறு விதம். 2020 மாடல் பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவின் சர்க்யூட் போர்டு அந்தக் கன்சோலின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. இன்னொரு கன்சோலின் டிரைவை அப்படியே மாட்டினால் டிஸ்க்கைப் படிக்காது. பழைய போர்டைப் புது டிரைவுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். 2023 முதல் வரும் கழற்றி மாட்டும் டிரைவை முதல் முறை பொருத்தும்போது இணையத்தில் பதிய வேண்டும். எதிர்காலத்தில் அந்தப் பதிவு சர்வர் நின்றுவிட்டால் புது டிரைவ் மாட்ட வழியில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. சரிசெய்ய முடியாததும் அல்ல. பிளேஸ்டேஷன் 4-இல் உள்ளிருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்து, இணையமும் இல்லாமல் போனால் டிஸ்க் கேம்கூட ஓடாத ஒரு கோளாறு இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் ஒன்றே அதை நீக்கிவிட்டது. டிரைவ் பதிவுக்கும் அதே போல ஓர் அப்டேட் வந்தாக வேண்டும்.

டவுன்லோட் பக்கமும் நியாயம் உண்டு. ஆன்லைன் போட்டிகளும் டிஸ்க்கில் வராத சிறிய கேம்களும் மட்டும் ஆடுகிறவருக்கு டிரைவ் வீண். டிஸ்க் மாற்ற எழுந்துபோவதே சிரமமாக இருப்பவருக்கு டவுன்லோட் வரம். மற்றவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். 100 ஜிபி கேம் 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க நாலரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ் என்றால் 22 மணி நேரம். முதல் பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபியில் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 667, ஆறு பெரிய கேம்களில் நிறைந்துவிடும். அழிக்காமல் வெளி யூஎஸ்பி டிரைவுக்கு நகர்த்திவையுங்கள். அங்கிருந்து பிளேஸ்டேஷன் 5 கேம் ஓடாது, ஆனால் திரும்ப நகர்த்துவது டவுன்லோடைவிடச் சீக்கிரம் முடியும். இணையம் இல்லாதபோதும் ஆட செட்டிங்ஸில் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ இயக்கத்தில் இருக்க வேண்டும். வாங்கிய கேமில் பூட்டு காட்டினால் செட்டிங்ஸில் ‘யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ்’, ‘அதர்’, ‘ரீஸ்டோர் லைசென்சஸ்’ வரிசையில் போனால் பெரும்பாலும் தீரும்.

ஆக, உங்களுடையது வெறும் பழக்கம் அல்ல. இரவல் தரும் உரிமையும் விற்கும் உரிமையும் டவுன்லோடுக்கு வராத வரை டிரைவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள். இப்போது கையில் பணம் போதாது என்றால், பின்னால் டிரைவ் மாட்டக்கூடிய மாடலாவது பாருங்கள். 2023 முதல் வரும் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் மாடலிலும் ப்ரோவிலும் மாட்டலாம். 2020-இன் டிஜிட்டல் மாடலிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் மாட்டவே முடியாது. டிரைவைத் தனியாக வாங்கினால் பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள். வாங்கிய அன்றே மாட்டி, இணையத்தில் பதிந்து, ஒரு டிஸ்க் போட்டுப் பார்த்துவிடுங்கள்.