எஸ்எஸ்டி சத்தம் போடாது: கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். பழைய ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது கணினியில் வருகிற, சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்தான் எஸ்எஸ்டி. "எஸ்எஸ்டி போகப்போகுதா இல்லையான்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?" என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்டதால், எல்லாரையும் ஒரே இடத்தில் கேட்கச் சொன்னேன். பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்தால் முதல் வேலை நகலெடுப்பதுதான். எது போனால் மனசு தாங்காதோ அதை வேறொரு டிரைவுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் சோதனைக்குப் போங்கள். முதலில் சோதித்துப் பார்ப்போம், பிறகு நகலெடுக்கலாம் என்று இருந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்கலங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜெலுத்தோங், தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பழைய ஹார்ட்டிஸ்க் போகப்போனா டக் டக்னு சத்தம் கேட்கும். இப்ப லேப்டாப் அப்பப்போ அசையாம நிக்குது, சத்தமே இல்லை. எதைப் பார்க்கணும்?

உள்ளே சுழல்கிற பாகம் எதுவும் இல்லை டீச்சர், அதனால் சத்தம் வராது. நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு ஃபைலைத் திறந்தால் முப்பது நொடி உறைந்து நின்று பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுவது, நகலெடுக்கும்போது குறிப்பிட்ட ஒரே ஃபைலில் போய் நிற்பது, சில நாள் காலையில் டிரைவே இல்லை என்று கணினி சொல்வது, நீலத்திரை அடிக்கடி வருவது. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் டிரைவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

உறுதிப்படுத்த கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். உங்களுடையது என்விஎம்இ வகை (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டி) என்றால் நான்கு வரி போதும். எண்களைப் பத்தடிமானத்துக்கு மாற்றிப் பாருங்கள், வழி அடுத்த பதிலில் இருக்கிறது. 'கிரிட்டிகல் வார்னிங்' பூஜ்யமாக இருக்க வேண்டும். 'அவைலபிள் ஸ்பேர்' என்பது பழுதான இடங்களுக்கு மாற்றாக ஒதுக்கிய கையிருப்பு. 100-இலிருந்து இறங்க ஆரம்பித்தால் கவனம், கீழே எழுதியிருக்கும் வரம்பைத் தொட்டால் ஆபத்து. 'பெர்சன்டேஜ் யூஸ்டு' தேய்மானம். நான்காவதுதான் நான் முதலில் பார்ப்பது: 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்'. அது பூஜ்யத்தைத் தாண்டி வாரத்துக்கு வாரம் ஏறினால் டிரைவை மாற்றிவிடுங்கள்.

அதற்குக் கீழே 'எரர் இன்ஃபர்மேஷன் லாக்' என்று ஒரு வரி இருக்கும், ஆயிரக்கணக்கில்கூடக் காட்டும். பெரும்பாலும் அது கணினி கேட்ட ஏதோ ஒரு கட்டளை டிரைவுக்குப் புரியவில்லை என்ற பதிவுதான். அந்த ஒரு வரியைப் பார்த்து நல்ல டிரைவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரையும் திறந்து, சிஸ்டம் பகுதியில் 7, 129, 153 என்ற எண்கள் இருக்கிறதா பாருங்கள். 7 வந்தால் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரு வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. 129 என்றால் டிரைவ் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த 'அசையாம நிக்கிற' நேரமும் இந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை ஊழியர்: அக்கா, என்னோடது டெஸ்க்டாப், சாட்டா எஸ்எஸ்டி, கேபிள்ல மாட்டுற வகை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல சி7 என்ற வரியில் 1ஏ4-னு காட்டுது. புது டிரைவ் வாங்கிடவா?

பொறுங்க தம்பி. முதலில், அந்தக் கட்டத்தில் தெரிவது பதினாறடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணுவது. 'ஃபங்ஷன்' மெனுவுக்குள் 'அட்வான்ஸ்ட் ஃபீச்சர்', அதில் 'ரா வேல்யூஸ்' போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றுங்கள். 420 என்று காட்டும். இரண்டாவது, சி7 என்பது சிஆர்சி பிழை. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா போகும் வழியில் சிதைந்திருக்கிறது. குற்றவாளி அநேகமாகக் கேபிள்.

போன மாதம் இதேபோல ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தேன்; சிவப்பு சாட்டா கேபிள் பக்கவாட்டு மூடியில் இடித்து மடங்கிக் கிடந்தது. பூட்டுக் கிளிப் உடைந்த ரகம், விரலால் லேசாகத் தொட்டால் தலை ஆடியது. புதுக் கேபிள் போட்டோம், வேறு துளையில் செருகினோம், அதோடு சரியானது. ஒன்று நினைவில் வையுங்கள்: இந்த எண் குறையவே குறையாது. 420 அப்படியே 420-ஆக நின்றால் வெற்றி.

சாட்டா டிரைவில் பயப்பட வேண்டிய வரிகள் 05-உம் பிபி-யும். முதலாவது மாற்றி வைத்த பழுது இடங்கள், இரண்டாவது திருத்த முடியாமல் போன பிழைகள்.

ஜார்ஜ் டவுன், புகைப்படக்காரர்: மூணு வருஷ தண்ணீர்மலைத் தைப்பூசப் படம் எல்லாம் ஒரே எஸ்எஸ்டில இருந்துச்சு. ஹெல்த் 98% காட்டினது. மறுநாள் காலைல டிரைவே தெரியல. அப்ப அந்த 98 பொய்யா?

படிக்கும்போதே வயிறு கலங்கியது அண்ணா. அந்த 98 பொய்யில்லை, ஆனால் அது சொல்வது நினைவகச் செல்களின் தேய்மானத்தை மட்டும். டிரைவுக்கு மூளையாக இருக்கும் கன்ட்ரோலர் சிப், மின்சாரம் கொடுக்கும் சின்னப் பாகங்கள், உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர், இவற்றின் நிலைமை அந்தச் சதவீதத்தில் சேராது. ராத்திரி நன்றாக இருந்து காலையில் காணாமல் போகிற டிரைவ்களில் எனக்கு வந்தவை அநேகமாக இந்த வகைதான். 2019-இல் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனமே ஓர் எச்சரிக்கை விட்டது: அவர்களுடைய சில சர்வர் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று. தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டிரைவை யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். பல டிரைவ்களில் டேட்டா கன்ட்ரோலரின் சாவியோடு பூட்டியே எழுதப்படுகிறது. சிப்பைப் பெயர்த்து வேறு போர்டில் வைத்தால் வெறும் குப்பைதான் வரும். டேட்டா மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், செலவை எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் கேமரா மெமரி கார்டுகளை எல்லாம் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். கேமராவில் ஃபார்மட் செய்திருந்தாலும், மேலே புதுப் படம் எழுதாத வரை பழையது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அதைத் தோண்டி எடுக்கும். எடுத்ததை அதே கார்டில் சேமிக்காதீர்கள். பட்டர்வொர்த் பக்கம் வந்தால் கார்டுகளோடு வாங்க, சேர்ந்து பார்க்கலாம்.

செந்தூல், கணக்கர்: மூணு வருஷத்துல 38 டிபி (டெராபைட்) எழுதியிருக்குன்னு காட்டுது. 1 டிபி டிரைவ். சீக்கிரம் தேஞ்சிடுமா?

சாம்சங் 870 ஈவோவின் 1 டிபி டிரைவுக்கு உத்தரவாத வரம்பு 600 டிபி. உங்கள் வேகத்தில் அதைத் தொட, ஓடிய மூன்று வருடத்தையும் சேர்த்து, மொத்தம் 47 வருடம் ஆகும். கணக்கு வேலைக்குத் தேய்மானம் ஒரு பிரச்சினையே இல்லை.

பிறை, மளிகைக் கடைக்காரர்: மழை இடின்னா மெயின் சுவிட்ச் விழுந்துடுது. போன வாரம் அப்படி விழுந்த பிறகு கடைக் கணினி டிரைவைக் காட்ட மாட்டேங்குது. அவ்வளவுதானா?

அவசரப்படாதீங்கண்ணே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற டிரைவின் உள்பட்டியல் குழம்பிவிடலாம். சில டிரைவ்களுக்கு நேரம் கொடுத்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும். டேட்டா கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மின்சாரக் கேபிளோடு அரை மணி நேரம் விடுங்கள். அணைத்து அரை நிமிடம் கழித்து இன்னொரு அரை மணி நேரம். பிறகு டேட்டா கேபிளைப் போடுங்கள். லேப்டாப் என்றால், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் அப்படியே விட்டுவைக்கலாம். எல்லா டிரைவும் எழுந்திருக்காது, ஆனால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. எழுந்தால் உடனே நகல். அப்புறம் மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் யூபிஎஸ் பேட்டரி ஒன்று வாங்குங்கள், நம் ஊர் இடிக்கு அது அவசியம்.

ஆயர் ஈத்தாம், கல்லூரி மாணவி: ராத்திரி அசைன்மென்ட் டைப் பண்ணி சேவ் பண்றேன். காலைல திறந்தா பழைய ஃபைல்தான் இருக்கு!

தங்கச்சி, மற்ற கேள்விகளைவிட இதுதான் அவசரம். டிரைவ் எழுதுவதை நிறுத்தி 'படிக்க மட்டும்' நிலைக்குப் போயிருக்கலாம். நீ சேமிப்பது தற்காலிக நினைவில் நிற்கிறது, கணினியை அணைத்ததும் போய்விடுகிறது. அந்த டிரைவ் உனக்குக் கடைசியாகச் செய்யும் உதவி இது. படிக்க விடுகிறது, பயன்படுத்திக்கொள். யூஎஸ்பி டிரைவைச் செருகி முதலில் அசைன்மென்ட், பிறகு படங்கள், சினிமா கடைசி. டிரைவைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதே, விண்டோஸை மறுபடி போடாதே. நாளைக்குக்கூடத் தள்ளிப்போடாதே.

சுங்கை டுவா, வாசகர்: ஃப்ரீசர்ல வச்சா உயிர் வரும்னு சொல்றாங்களே?

வைக்காதீங்க. அது பழைய ஹார்ட்டிஸ்க் காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டிக்கு வெறும் ஈரம்தான் மிஞ்சும்.

புக்கிட் மெர்தாஜாம், இல்லத்தரசி: மகன் ஆன்லைன்ல 2 டிபி எஸ்எஸ்டி ரொம்ப மலிவா வாங்கினான். கொஞ்ச நாள்ல ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு. நம்ம பினாங்கு பத்து கவான்லயே மைக்ரான் கம்பெனிக்காரங்க எஸ்எஸ்டி செய்றாங்க, நமக்கு ஏன் இப்படி வருது?

அது பழுதில்லை அக்கா, மோசடி. உள்ளே 64 ஜிபி சிப்பை வைத்து 2 டிபி என்று சொல்லும்படி ஃபர்ம்வேரை மாற்றிவிடுகிறார்கள். நிரம்பிய பிறகு புது ஃபைல் பழையதன் மேலேயே விழுகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். அந்த முடிவைப் படம் பிடித்து, வாங்கிய தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

புலாவ் தீக்குஸ், ஓய்வுபெற்றவர்: பேரப்பிள்ளைகள் படத்தை எஸ்எஸ்டியில் ஏற்றி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், மூன்று வருடமாகத் தொடவில்லை. பத்திரம்தானே?

ஐயா, இன்றைக்கே எடுத்துச் செருகுங்கள். எஸ்எஸ்டியில் டேட்டா இருப்பது அடைபட்ட மின்னூட்டமாக. மின்சாரமில்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். சிப் துறைக்குத் தர அளவுகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவின்படி, ஆயுள் முழுவதும் எழுதித் தேய்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு டேட்டாவைக் காத்தால் போதும். கொஞ்சமே பயன்படுத்திய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் பினாங்கில் பூட்டிய அலமாரி 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். செருகியதும் எல்லாப் படத்தையும் ஒரு சாதாரண ஹார்ட்டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது எந்த ஃபைலிலாவது தடுமாறினால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.