பாரிஸ் மாநாட்டுக்கு வரும் தங்கச்சிக்கு: முதலில் கழுத்து அட்டையைக் கழற்று

தங்கச்சி, நாலு நாள் மாநாட்டுக்காக மதுரையிலிருந்து தனியாக வருகிறாய், வெளிநாடு இதுதான் முதல் முறை. மாநாடு போர்ட் மய்யோவில் இருக்கும் பலே தெ கோங்க்ரே மாநாட்டு மண்டபத்தில், தங்குவது கார் து நோர் ஸ்டேஷன் பக்கம். ஊர் பாதுகாப்பானதா, ராத்திரியில் நடக்கலாமா, பாஸ்போர்ட்டை எப்போதும் கூடவே வைத்திருக்கணுமா என்று கேட்டிருந்தாய். அம்மா தூங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய்.

நான் காரைக்கால்காரி. இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் பதினொரு வருஷமாக மாநாட்டு மண்டபங்களில் கோட்டும் பையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலை. உன்னைப்போல வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் சொல், கத்தி, துப்பாக்கி என்று பயப்பட வேண்டாம். இந்த ஊரில் உனக்கு வரக்கூடிய ஆபத்து பெரும்பாலும் விரல் நுனியில்தான் வரும். அடிக்க மாட்டார்கள், மிரட்ட மாட்டார்கள். தொட்டதுகூடத் தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் கவுண்டர் முன்னால் வரிசை நிற்கும். பையை வாங்கி ஒரு தோளில் மாட்டுவார்கள், மறு கையில் போன். வழி தேடிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் வாசலைத் தாண்டுவார்கள். கழுத்தில் அந்த மாநாட்டு அட்டை அப்படியே தொங்கும். பேர், நாடு, வேலை செய்யும் இடம் எல்லாம் பெரிய எழுத்தில். வெளியூர்க்காரர், களைத்துப் போயிருக்கிறார், லேப்டாப் வைத்திருக்கிறார் என்று ஊருக்கே சொல்கிற அட்டை அது. யாராவது உன் பேரைச் சொல்லி "ஹலோ டாக்டர்" என்று கூப்பிட்டால் தெரிந்தவர் என்றுதானே நினைப்பாய்? அதனால் வாசல் கதவைத் தொடுவதற்கு முன்னால் அட்டையைக் கழற்றி உள்ளே போடு. மாநாட்டுப் பேர் அச்சடித்த துணிப்பையையும் மடித்து வைத்துவிடு.

மண்டபத்துக்குள்ளே திருட்டு இருக்காது என்றும் நம்பிவிடாதே. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல இங்கே லேப்டாப்பை நாற்காலியில் வைத்து இடம் பிடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வந்தால் நாற்காலி இருக்கும். எத்தனையோ பேர் நடமாடும் இடத்தில் கோட்டு சூட்டு போட்டு வருகிற திருடனை யார் கண்டுபிடிப்பது? சார்ஜரில் போட்ட போனுக்கும் இதே கதைதான்.

என் கதையையும் கேள். பதினைந்து வருஷம் இதே ஊரில் இருந்த திமிர் எனக்கு. ஒருநாள் வேலை முடிந்து முதலாம் எண் மெட்ரோவில் கதவோரம் நின்று தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். கதவு மூடப்போகிறது என்று ஒரு சத்தம் வரும். அது தொடங்கும்போது போன் என் கையில் இருந்தது. முடியும்போது பிளாட்பாரத்தில் ஒரு பையன் கையில் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஓடக்கூட இல்லை, நடந்து போனான். அன்றிலிருந்து கதவுப் பக்கம் நின்றால் போனை வெளியே எடுப்பதே இல்லை. நீயும் பெட்டியின் நடுவில் போய், முதுகைச் சுவரில் சாய்த்து நில். பையை முன்பக்கம் மாட்டிக்கொள், ஜிப்பின் மேல் கை இருக்கட்டும். நாலு பேர் காரணமில்லாமல் நெருக்கினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த வண்டி ஏறு. கை உள்ளே வருவது தெரிந்தால் கூச்சப்படாதே, "பிக்பாக்கெட்!" என்று கத்து. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

போன் போனால் உனக்கு இன்னொரு தலைவலி உண்டு. பாங்க் ஓடிபி அந்த சிம்முக்குத்தான் வரும், கார்டும் அதே பையில் இருந்தால் தீர்ந்தது கதை. கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுச் செலவைத் திறந்து, வரம்பைக் குறைத்து வை. இரண்டாவது கார்டும், நோட்டாக 100 யூரோவும் வேறு இடத்தில் இருக்கட்டும். போனில் *#06# அழுத்தினால் வருகிற எண் அதன் அடையாள எண், அதையும் காகிதத்தில் எழுதி வை. 2024-இல் ஈபிள் கோபுர டிக்கெட்டுக்கு யுபிஐ வந்தது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், சந்தோஷம்தான். அதை நம்பி ரொட்டிக் கடைக்குப் போகாதே.

இனி வழி. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் நேராக கார் து நோர் வரும். 2025 ஜனவரியில் டிக்கெட்டை 13 யூரோ ஆக்கினார்கள். டிக்கெட் மெஷின் பக்கம் "நான் உதவட்டுமா" என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மலிவான டிக்கெட்டையோ பழைய டிக்கெட்டையோ கையில் திணித்து முழுக்காசு வாங்கிக்கொள்வார்கள், அபராதம் கட்டுவது நீயாக இருக்கும். டிக்கெட்டை வெளியே வரும்வரை தூக்கிப் போடாதே. பெட்டி படுக்கையோடு ராத்திரி இறங்கினால் டாக்ஸிதான் நல்லது. உள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்பவர் பின்னால் போகாமல், வெளியே வரிசையில் நின்று கூரையில் விளக்குள்ள வண்டியில் ஏறு. கட்டணம் அரசு நிர்ணயித்தது. உன் ஹோட்டல் சேன் நதிக்கு வடக்கே இருப்பதால் 2024 விலைப்படி 56 யூரோ, தென்கரைக்கு என்றால் 65. ஒன்று மட்டும் கவனி: நெடுஞ்சாலையில் லாந்தி சுரங்கப் பக்கம் வண்டிகள் நெரிசலில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்து சீட்டில் உள்ள பையை எடுத்து ஓடுகிற வழக்கம் உண்டு. கைப்பை காலடியில் இருக்கட்டும்.

கார் து நோரிலிருந்து மாநாட்டுக்கு உனக்கு அதிர்ஷ்டமான வழி ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்து பக்கத்து மஜந்தா ஸ்டேஷனுக்குப் போனால் ஆர்.இ.ஆர். ஈ ரயில் கிடைக்கும். 2024 மே மாதத்திலிருந்து அது போர்ட் மய்யோவரை போகிறது. வண்டி மாறவே வேண்டாம். ஷாத்லே போன்ற பெரிய சந்திப்பில் சுரங்கத்துக்குள் திசை தெரியாமல் சுற்றுகிற வேலை மிச்சம். அப்படிச் சுற்றுகிறவர்களுக்காகத்தான் அங்கே காத்திருப்பார்கள்.

ராத்திரி நடக்கலாமா என்றால், கடையும் ஆளும் இருக்கும் தெருவில் பத்து மணிவரை நடக்கலாம், நானே நடக்கிறேன். சாப்பாட்டுக்கு லா ஷப்பல் என்கிற பகுதி உனக்குப் பக்கம். ஃபோபூர் சேன் தெனி தெருவில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தோசை, கொத்து ரொட்டி, மல்லிகைப்பூகூடக் கிடைக்கும். கடைப் பலகை தமிழில் இருக்கிறதே என்று பையைத் திறந்து போட்டு நடக்காதே, நெரிசலான இடம் அது. நேரமாகிவிட்டால் மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஸ்டாலின்கிராட் பக்கமோ பார்பேஸ் பக்கமோ போக வேண்டாம். பஸ்ஸில் வந்தால் இரவு 10 மணிக்கு மேல் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலேயே இறக்கிவிடும்படி டிரைவரிடம் கேட்கலாம், அதற்கு ஏற்பாடு உண்டு. இங்குள்ள பெண்களிலேயே பலருக்கு இது தெரியாது.

சுற்றிப் பார்க்கப் போனால் வரும் வித்தைகள் பழசு. சாக்ரே கேர் தேவாலயப் படியடியில் கையில் கயிறு கட்ட வருவார்கள், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காமல் நட. காது கேளாதவர்களுக்கென்று கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுவார்கள். அதே அட்டையைக் காபிக் கடை மேசையில் உன் போன் மேல் வைப்பார்கள், எடுக்கும்போது போனும் சேர்ந்து போகும். ஈபிள் கோபுரப் பக்கம் மூன்று கிண்ணத்தில் பந்து தேடும் ஆட்டத்தில் ஜெயிப்பவன் அவர்கள் ஆள்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். போலீஸ் கேட்டால் வெளிநாட்டுக்காரர் காகிதம் காட்டணும் என்பது சட்டம். ஆனாலும் வருகிற நாளும் போகிற நாளும் தவிர, அசலை ஹோட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு, படப் பக்கத்தையும் விசா பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள் என்றுதான் நான் சொல்வேன். போலீஸ் அசல்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் அலைச்சல், தொலைத்தால் வருகிற அலைச்சலோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார்ச் சீட்டு வாங்கணும். என் போனுக்கு ஒரு நிலையத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன், நீயும் ரொட்டித்துண்டு ஏதாவது கொண்டு போ. அந்தச் சீட்டோடு 16-ஆம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். விசாவுக்காக எடுத்த காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாது, அதன் போன் எண்ணைக் காகிதத்தில் வை. போலீசுக்கு 17, ஆம்புலன்சுக்கு 15, எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112.

ஒன்று விட்டுவிட்டேன். மாநாட்டுக்காரர்கள் பேரில் "ஹோட்டல் அறை ஒதுக்குகிறோம், கார்டு எண் அனுப்புங்கள்" என்று மெயில் வரும். பதிவு செய்தவர்கள் பட்டியல் எப்படியோ வெளியே போய்விடுகிறது. மாநாட்டின் சொந்தப் பக்கத்தில் அந்தப் பேர் இல்லையென்றால் பதிலே போடாதே.

எந்த மாதம் என்று நீ சொல்லவே இல்லை. அந்த வாரம் எனக்கு டூட்டி அங்கே விழுந்தாலும் விழும். கோட்டைக் கொடுக்கும்போது தமிழில் பேசிப் பார், டோக்கனை நீட்டுகிறவள் நானாக இருக்கலாம்.